90களின் காபிக் கடை: அந்தச் சோபா யாருக்காவது ஞாபகம் இருக்கா?

பழையசோபா:
போன மாதம் ஒரு வேலையாக, நான் படித்த பல்கலைக்கழக ஊருக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் நடுப்பகுதி, சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். 1993லிருந்து 98 வரை என் ஆராய்ச்சியில் பாதி ஆய்வகத்தில் நடந்தது. மீதி, வளாகத்தை ஒட்டிய தெருவில் ஒரு காபிக் கடையில். கடை இன்னும் இருக்கிறது, பெயர்கூட மாறவில்லை. உள்ளே போனதும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் அங்கே ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் சம்பந்தம் இருக்காது. வீடு காலி செய்தவர்கள் தெருவில் போட்டுவிட்டுப் போன சோபா இரண்டு. பச்சை சோபாவில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், ஸ்பிரிங் அப்படி உள்வாங்கியிருக்கும். கோப்பைகளும் அதே கதைதான். ஒன்றில் ஏதோ வங்கியின் பெயர், இன்னொன்றில் யாருடைய பாட்டிக்கோ பிறந்தநாள் வாழ்த்து. பொதுவில் ஒரு சதுரங்கப் பலகை கிடக்கும். கறுப்பு மந்திரி தொலைந்துபோய் அந்த இடத்தில் மிளகுத்தூள் புட்டி நிற்கும். மிளகுத்தூளிடம் செக்மேட் வாங்கியவன் நான்.

கதவோரம் தக்கைப் பலகை. அறை வாடகைக்கு, கிடார் கற்றுத்தரப்படும், பூனையைக் காணவில்லை, வெள்ளிக்கிழமை சிகாகோவுக்குக் காரில் போகிறேன் பெட்ரோல் செலவில் பங்குபோட ஆள் தேவை. ஒவ்வொரு தாளின் அடியிலும் சீட்டுச் சீட்டாகக் கத்தரித்துவிட்டு, எல்லாச் சீட்டிலும் அதே தொலைபேசி எண். வேண்டியவர் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகலாம்.

இப்போது நீளமாக ஒரு மரப்பலகை, ஆளுக்கொரு பிளக். நான் போனபோது ஒன்பது பேர், ஒன்பது மடிக்கணினி. எட்டுப் பேர் காதை அடைத்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். காபி, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம். நாங்கள் குடித்தது அடிப்பிடித்த கஷாயம். ஆனாலும் கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

இது வயசுக்கோளாறா, இல்லை நிஜமாகவே ஏதோ போய்விட்டதா? அந்தக் காலத்தில் அங்கங்கே உட்கார்ந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒருவரி:
வயசுக்கோளாறுதான். எனக்கும் இருக்கு.

டொராண்டோ கோப்பிக்காரி:
பழையசோபா அண்ணை, உங்கடை பதிவை வாசிச்சுச் சிரிச்சுக்கொண்டிருக்கிறன். நான் அந்த மேசைக்கு மற்றப் பக்கம் நிண்டனான். 96இலை இருந்து 99 மட்டும் டொராண்டோவிலை ஒரு கோப்பிக்கடையிலை பின்னேர வேலை. நீங்கள் சோபா சோபா எண்டு உருகுறியள். இரவு கடை பூட்டினாப் பிறகு அந்தச் சோபாவின்ரை இடுக்குக்குள்ளை கையை விட்டுத் துப்பரவாக்கினது நாங்கள். சில்லறைக் காசு, தலைச்சீப்பு, ஒருக்கா பாதி கடிச்ச சாண்ட்விச்.

பால் நுரைக்கிற குழாயை ஒவ்வொரு தரமும் உடனை ஈரத்துணியாலை துடைக்காட்டி பால் காய்ஞ்சு ஒட்டிப்போடும், பிறகு சுரண்டவேணும். அந்தத் துணி பின்னேரம் ஆறு மணிக்கு எப்பிடி மணக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோப்பிக்கும் தூள் போட்ட கைபிடியை மெஷினிலை இறுக்கித் திருப்பி, பிறகு கழட்டி, சக்கையைப் பெட்டியிலை ஓங்கித் தட்டவேணும். ஒரு நாளைக்கு இருநூறு தரம். எனக்கு இண்டைக்கும் குளிர் வந்தா வலது மணிக்கட்டு சொல்லும்.

ஒரு கோப்பியோடை நாலு மணித்தியாலம் இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் ஒரு பேர் வைச்சிருந்தனாங்கள்: குத்தகைக்காரர்.

பழையசோபா:
ஐயோ தங்கச்சி! நான் சாட்சாத் குத்தகைக்காரன். ஒன்றேகால் டாலருக்கு ஒரு கோப்பை, நாலு மணி நேரம், நடுவில் வெந்நீர் இலவசம். சாண்ட்விச் மட்டும் என்னுடையது இல்லை.

சியாட்டில்மழை:
அடுத்து யாராவது வந்து "தனிக்கடைகள் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, பெரிய கம்பெனி வந்து ஒழிச்சிடுச்சு"ன்னு எழுதுவீங்க. அதுக்கு முன்னாடி நான் முந்திக்கிறேன். 94லேர்ந்து இங்கதான் இருக்கேன், மழையையும் காபியையும் விட்டா இந்த ஊர்ல பேச வேற விஷயம் கிடையாது.

ஸ்டார்பக்ஸ் 1971ல ஆரம்பிச்சப்போ அது காபிக் கடையே இல்ல. கொட்டை வறுத்து விக்கிற கடை. ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 1982ல வேலைக்குச் சேர்ந்து, அடுத்த வருஷம் மிலான் போய் அங்க எஸ்பிரெஸோங்கற கெட்டிக் காபி போடுற கடைகள்ல ஜனங்க நிக்கிறதையும் பேசுறதையும் பார்த்துட்டு வந்து, இங்கயும் அப்படிப் பண்ணலாம்னு சொன்னாரு. முதலாளிங்க கேக்கல. தனியாப் போய்க் கடை வெச்சு, 1987ல பழைய கம்பெனியையே வாங்கிட்டாரு. 1992ல பங்குச்சந்தைக்கு வந்தப்போ 165 கடை. 2000ல 3,501. எட்டு வருஷத்துல இருபது மடங்கு.

இப்ப கவனிங்க. பழையசோபா சார் சொல்ற தனிக்கடைகள்ல பெரும்பாலானது முளைச்சதும் அதே எட்டு வருஷத்துலதான். காபிக்கு ஒரு டாலருக்கு மேல குடுக்கலாம்னு ஜனங்களுக்குப் பழக்கினது யாரு? அந்தப் பழக்கத்துலதான் உங்க பச்சை சோபாவும் பிழைச்சது. ரெண்டும் ஒரே அலை. ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் நுரை.

சியாட்டில்ல எண்பதுகள்லயே தெருவோரம் எஸ்பிரெஸோ வண்டி நிக்கும். டேவிட் ஷோமர் 1988ல அப்படி ஒரு வண்டியில ஆரம்பிச்சவருதான். லாட்டேங்கற பால் காபி மேல இதயம், இலைன்னு பால்ல வரையிறதை அமெரிக்காவுல பரப்பினவரு. இன்னைக்கு அதைப் படம் எடுக்காம யாரும் குடிக்கிறதில்ல.

இன்னொரு சின்ன விஷயம். சூடு தாங்காம ரெண்டு காகிதக் கப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டுக் குடுப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அதுக்கு மாத்தா அட்டை உறையைக் கண்டுபிடிச்சது போர்ட்லேண்ட்காரர் ஜே சோரன்சன், 1991ல. கப்பு கை தவறி மடியில கொட்டி, பட்ட சூட்டுல வந்த யோசனை. தொண்ணூறுகளோட சின்னம் எதுன்னா நான் சோபாவைச் சொல்ல மாட்டேன், அந்த உறையைச் சொல்வேன். ஏன்னா அது கையில எடுத்துக்கிட்டு வெளிய போறதுக்கு. கடைக்குள்ள உக்கார்ந்து பீங்கான்ல குடிக்கிறவனுக்கு உறை எதுக்கு? நீங்க உள்ள உக்கார்ந்திருந்த அதே நாள்ல ஜனங்க வெளிய கிளம்ப ஆரம்பிச்சாச்சு.

ஒருவரி:
அப்ப டிவி? 'ஃபிரெண்ட்ஸ்' தொடர்ல அந்த நண்பர்கள் கூடுற காபிக் கடையோட ஆரஞ்சு சோபா 1994 செப்டம்பர்லேர்ந்து 2004 மே வரைக்கும் அவங்க வந்தாக் காலியாவே இருக்குமே, எந்த ஊர்லய்யா அது நடக்கும்?

பழையசோபா:
எங்கள் கடையில் அந்தத் தொடர் வந்தபிறகுதான் வியாழன்களில் கூட்டம் குறைந்தது. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து, காபிக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேம்ஸ்கரை:
லண்டனிலிருந்து ஒரு குறுக்கீடு. உங்கள் ஏக்கம் எங்களுக்கு ஐந்து வருடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே பல இடங்களில் காபி என்றால் உடனடிக் காபித்தூளில் வெந்நீர். சோஹோ பக்கம் இத்தாலியர் நடத்திய பழைய கடைகள் மட்டும் விதிவிலக்கு. 1995இல் காபி ரிபப்ளிக் வந்தது. அதே வருடம், சியாட்டிலைப் பிரிந்த ஏக்கத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதியர் சியாட்டில் காபி கம்பெனி என்ற பெயரில் கடை திறந்தார்கள். 1998இல் ஸ்டார்பக்ஸ் அதை மொத்தமாக வாங்கி, அந்தக் கடைகள் வழியாகத்தான் பிரிட்டனுக்குள் நுழைந்தது. சியாட்டிலை நினைத்து ஏங்கித் திறந்த கடையை சியாட்டிலே வந்து விலைக்கு எடுத்துக்கொண்டது!

நான் உட்கார்ந்த இடம் வேறு. 1994 செப்டம்பரில் விட்ஃபீல்ட் தெருவில் சைபீரியா என்று ஓர் இணையக் காபிக் கடை திறந்தது, உலகத்தில் இப்படித் திறந்த முதல் சிலவற்றில் ஒன்று. அன்று இணையம் தனிமையான காரியமே இல்லை என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் "இதை எப்படி அனுப்புவது?" என்று கேட்டால்தான் மின்னஞ்சல் போகும். ஒரு படம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கி முடிவதற்குள் அவர் பிறந்த ஊர் வரை பேசி முடித்திருப்பீர்கள். கணினியும் காபியும் பேச்சும் ஒரே மேசையில் இருந்தன. ஆகவே கணினிதான் பேச்சைக் கொன்றது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு காபிக் குடுவைதான் இணையத்தின் முதல் நட்சத்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தில் பலருக்கும் பொதுவாக ஒரே குடுவை. மாடி ஏறி வந்து பார்த்தால் காலி. 1991இல் அதன் எதிரே ஒரு கேமரா வைத்து, உள்ளே காபி இருக்கிறதா என்று அவரவர் திரையில் தெரியும்படி செய்தார்கள். 1993இல் அது இணையத்துக்கே வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் தபால்தலை அளவுப் படம், அதைப் பார்க்க உலகம் முழுவதும் கூட்டம். 2001 ஆகஸ்டில் அணைத்தார்கள். பழுதான அந்தக் குடுவை ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது, வாங்கியது ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையதளம். உங்களைவிடக் காஸ்ட்லியான நினைவேக்கம்.

இரவுப்பறவை:
தேம்ஸ்கரை, இங்க சான்பிரான்சிஸ்கோவுல 1991லயே காபிக் கடைகள்ல காசு போட்டா வேலை செய்யுற கணினி வெச்சிட்டாங்க. எஸ்.எஃப்.நெட்னு பேரு. மேசைக்குள்ளயே பதிச்ச திரை, பக்கத்துல நாணயம் போட ஓட்டை. அடுத்த காபிக் கடையில உக்கார்ந்திருக்கறவங்களோட எழுத்துல பேசலாம். நான் இங்க 97ல வந்து சேர்ந்தப்போ அதைப் பத்திக் கதையாத்தான் கேட்டேன்.

எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க: புகை. மத்த ஊர்கள்ல காபிக் கடைன்னா சிகரெட்தான். ஒஹாயோவுல ரெண்டு வருஷம் இருந்தேன், கடைக்குப் போயிட்டு வந்த சட்டையைப் பெட்டியில வெச்சா மத்த துணியும் நாறும். கலிஃபோர்னியாவுல 1995 ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து வேலை செய்யுற இடங்களுக்குள்ள புகைக்கத் தடை வந்ததால இங்க தப்பிச்சோம். லண்டன்ல 2007 வரைக்கும் ஆச்சு. நினைவேக்கத்துக்கு வாசனை இருந்தா அது காபி வாசனை இல்ல, சாம்பல் தட்டு வாசனை.

ஆனா மேடை... மேடை உண்மையிலயே போச்சு. வாரத்துல ஒரு நாள் யார் வேணா ஏறலாம். கவிதைங்கற பேர்ல டைரியைப் படிப்பாங்க. பத்துல ஒன்பது காது குடுத்துக் கேக்க முடியாது. பத்தாவதுக்காகத்தான் உக்கார்றது. ஜுவல்னு ஒரு பாடகி. வாடகை குடுக்க முடியாம வண்டியிலயே குடியிருந்துக்கிட்டு, சான்டியாகோவுல ஒரு சின்னக் காபிக் கடையில வாராவாரம் பாடினவங்க. 1993ல அங்கதான் இசைக் கம்பெனிக்காரங்க காதுல விழுந்தாங்க. 1995ல வந்த முதல் தொகுப்புல சில பாட்டு அந்தக் கடையிலயே பதிவு பண்ணது. அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல வித்துச்சு. அந்தக் கடையில அன்னைக்கு எத்தனை பேர் "அம்மா, கொஞ்சம் சத்தம் கம்மியா"ன்னு நினைச்சிருப்பாங்களோ.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி. யார் காசில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

1989 ஜூலையில் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் கோட்டா முறை, அதாவது எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்ற வரம்பு, உடைந்தது. அதுவரை ஒரு பவுண்டு எடை ஒரு டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்த பச்சைக் காபி, அதாவது வறுக்காத கொட்டை, 1992இல் 50 சென்ட்டுக்குக் கீழே விழுந்தது. 1994இல் பிரேசிலில் இரண்டு முறை உறைபனி, விலை 2 டாலரைத் தாண்டியது. 1997 மே மாதம் 3 டாலர். மறுபடி சரிந்து 2001 கடைசியில் ஏறக்குறைய 45 சென்ட்.

ஒரு பவுண்டு பச்சைக் கொட்டையை வறுத்தால் எடை ஆறில் ஒரு பங்கு குறையும். மிச்சம் 380 கிராம் என்று வையுங்கள். கோப்பைக்கு 18 கிராம் போட்டால் 21 கோப்பை. 50 சென்ட் விலையில் ஒரு கோப்பைக்குள் இருக்கும் காபியின் மதிப்பு இரண்டரை சென்ட். 3 டாலர் விலையில்கூடப் பதினான்கு சென்ட்தான். பழையசோபா கொடுத்தது 125 சென்ட். மீதி எதற்கு? வாடகை, பால், கூலி, லாபம், சோபா.

அதாவது நீங்கள் காபி வாங்கவில்லை. நாலு மணி நேரத்துக்கு நாற்காலி வாடகை கட்டினீர்கள், மிக மலிவாக. தெருவில் வாடகை ஏறிய அன்றே அந்தக் கணக்கு உதைத்துவிட்டது. இதற்கு மடிக்கணினி, சங்கிலிக் கடை, பண்பாட்டுச் சரிவு என்றெல்லாம் காரணம் தேட வேண்டாம்.

சியாட்டில்மழை:
கணக்கு சரி பிள்ளைவாள். ஆனா வாடகை மட்டும்னா, அந்தப் பெரிய கம்பெனிக்கு வாடகை குடுக்க முடிஞ்சுதே, அங்கயும் ஏன் அந்த உணர்வு போச்சு? போச்சுன்னு சொன்னது நான் இல்ல, ஷுல்ட்ஸே சொன்னாரு. 2007 பிப்ரவரியில அவர் உள்ளுக்குள்ள எழுதின குறிப்பு ஒண்ணு வெளிய கசிஞ்சுது. வேகத்துக்காகக் கைப்பட இயக்குற எஸ்பிரெஸோ இயந்திரத்தை எடுத்துட்டு, பொத்தானை அமுக்கினா தானே செய்யுற இயந்திரம் வெச்சோம், அதோட அந்தக் கூத்தும் அழகும் போச்சுன்னு எழுதியிருந்தாரு. அதுல ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: புது இயந்திரம் உயரமா இருந்ததால வாடிக்கையாளருக்குக் காபி போடுறவரைக் கண்ணால பார்க்க முடியாமப் போச்சாம். அடுத்த வருஷம் பிப்ரவரி 26 அன்னைக்கு அமெரிக்காவுல ஏழாயிரத்துச் சொச்சம் கடையை ஒரே சாயங்காலம் மூடி, எல்லாருக்கும் எஸ்பிரெஸோ போடுறது எப்படின்னு திரும்பப் பாடம் எடுத்தாங்க.

இயந்திரத்தோட உயரம். அவ்வளவுதான். அந்த ஒரு முழத்துலதான் போச்சு.

டொராண்டோ கோப்பிக்காரி:
சியாட்டில்மழை, அந்த உயரக் கதை என்னை நித்திரை கொள்ள விடேல்லை. இப்ப விடிய அஞ்சு மணிக்கு இருந்து எழுதுறன்.

எங்கடை கடையிலை மெஷின் பதிவு, உயரமில்லை. பாலை நுரைச்சுக்கொண்டே முழுக்கடையையும் பாக்கலாம். ஆர் வந்தது, ஆர் போனது, ஆர் கதவைப் பாத்துக்கொண்டிருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்திலை நூல் கட்டின பேனையோடை ஒரு கொப்பி வைச்சிருந்தனாங்கள். "நான் நூலகத்துக்குப் போறன், எட்டுக்கு வருவன்", "சாவி கோப்பிக்காரப் பிள்ளையிட்டை குடுத்திருக்கு" எண்டு எழுதிப்போட்டுப் போவினம். அப்ப கைத்தொலைபேசி எங்கை? ஒருத்தர் பிந்தினா மற்றவருக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது. எங்களைத்தான் வந்து கேப்பினம்.

ஒரு பெடியனும் பிள்ளையும். ஒவ்வொரு புதனும் ஆறு மணி. ஒரு புதன் பெடியன் ஆறு மணியிலை இருந்து எட்டரை மட்டும் இருந்தான். கோப்பி குடிச்சு முடிஞ்சு, தண்ணி குடிச்சு முடிஞ்சு, காகிதத் துவாயைச் சின்னச் சின்னனாக் கிழிச்சு மேசையிலை அடுக்கிக்கொண்டிருந்தான். எழும்பிப் போய் ஏழு நிமிசம் ஆகேல்லை, அந்தப் பிள்ளை தலையெல்லாம் பனியோடை ஓடி வருது, சப்வே நிண்டுபோச்சாம். நான் சொன்னன்: இப்பதான் போறார், இடது பக்கம் திரும்பினவர், ஓடுங்கோ. அது ஓடினது.

இந்த வேலைக்கு எனக்கு ஒருத்தரும் சம்பளம் தரேல்லை. கணக்குப்பிள்ளை ஐயா, உங்கடை 125 சென்ட்டுக்குள்ளை இதை எங்கை போடுவியள்?

கணக்குப்பிள்ளை:
கூலி என்ற வரியில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தப்புத்தான்.

தேம்ஸ்கரை:
கோப்பிக்காரி, அந்த நோட்டைப் படித்ததும் எனக்கு எட்வர்ட் லாயிட் ஞாபகம் வந்தார். 1680களில் லண்டனில் காபிக் கடை வைத்திருந்தவர். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் அங்கே வருவார்கள். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, எது வரவில்லை என்ற சேதி அவர் கடையில்தான் கிடைக்கும். சேதிக்காகக் கூடியவர்கள் அங்கேயே கப்பல் காப்பீடும் பேசத் தொடங்கினார்கள். இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் வேர் அந்தக் கடை. அப்படிச் சேதி பரவுவது பிடிக்காமல்தான் 1675 டிசம்பர் இறுதியில் இரண்டாம் சார்லஸ் காபிக் கடைகளையே மூடச் சொல்லி ஆணை போட்டார். எதிர்ப்பு தாங்காமல் அமலுக்கு வரும் முன்பே வாபஸ்.

காபிக் கடையின் வேலையே ஆளுக்கு ஆள் சேதி கொண்டுசேர்ப்பதுதான் போலிருக்கிறது. நாங்கள் அதைக் காபி என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

2003மாடல்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், பெரியவங்களா. நான் பிறந்ததே 2003. ரெண்டு கேள்வி.

ஒண்ணு: வராத ஆளுக்காக ரெண்டரை மணி நேரம் சும்மா உக்கார்ந்திருந்தீங்களா? நிஜமாவா? என்ன பண்ணிட்டு இருந்தீங்க?

ரெண்டு: முதல்ல லேப்டாப்பைத் தூக்கிட்டு கடைக்கு வந்தது யாரு? நாங்க வந்தப்போ பிளக்கு எல்லாம் ஏற்கெனவே இருந்துச்சு. நாங்க வைக்கல.

ஒருவரி:
பையன் பாயிண்ட்டைப் புடிச்சிட்டான்.

இரவுப்பறவை:
தம்பி, சும்மா இல்ல. யாரோ விட்டுட்டுப் போன நேத்து பேப்பர்ல பாதி முடிச்ச குறுக்கெழுத்தை முடிக்கிறது. பக்கத்து மேசையில நடக்குற சண்டையைக் கேக்காத மாதிரி கேக்குறது. கடைசியில பக்கத்து மேசைக்காரர் "நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?"ன்னு நம்மளையே பஞ்சாயத்துக்கு இழுக்குறது. அப்படி இழுத்துவிட்ட ஒருத்தர் கூட நான் ஆறு வருஷம் ஒரே வீட்டுல வாடகைக்கு இருந்தேன்.

பழையசோபா:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். தவிர்க்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன்.

2002. படிப்பு முடிந்து வேலை பார்த்த ஊரில் ஒரு காபிக் கடை. கம்பியில்லா இணையம் அப்போதுதான் கடைகளுக்குள் வர ஆரம்பித்திருந்தது, ஸ்டார்பக்ஸே முந்தின வருடம்தான் தொடங்கியிருந்தது, அதுவும் காசுக்கு. நான் போன கடையில் முதலாளி ஆர்வக்கோளாறில் இலவசமாகவே வைத்துவிட்டார். என்னிடம் கறுப்பு மடிக்கணினி ஒன்று, பக்கவாட்டில் அட்டை ஒன்று துருத்திக்கொண்டு பச்சை விளக்கு மினுக்கும். அந்தக் கடையில் அப்படி உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். நாலு பேர் உட்காரும் மேசை. சுவரில் ஒரே ஒரு பிளக், தரை விளக்குக்கானது. விளக்கைப் பிடுங்கிவிட்டு என் கம்பியைச் செருகினேன்.

பக்கத்தில் வயதான இருவர் அந்த விளக்கு வெளிச்சத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பலகையை அப்படியே காய் கலையாமல் தூக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் இருந்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். ஒரு சிப்பாய் உருண்டு என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றார். நான் மறுபடி திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மின்னஞ்சலில் என்ன எழுதினேன் என்று சுத்தமாக ஞாபகம் இல்லை.

டொராண்டோ கோப்பிக்காரி:
விளக்கைப் பிடுங்கினதை அந்தக் கடைப் பிள்ளை கண்டிருக்கும் அண்ணை. இரவு கட்டாயம் உங்களுக்கு ஒரு பேர் வைச்சிருப்பினம்.

2003மாடல்:
சார், ஃபீல் பண்ணாதீங்க. எங்க தெருவுல பலகை விளையாட்டு ஆடுற ஒரு காபிக் கடை இருக்கு, மணிக்கணக்குல உக்காரலாம், மணிக்கு இவ்வளவுன்னு காசு. கணக்குப்பிள்ளை சார் சொன்ன அதே நாற்காலி வாடகைதான், பில்லுல நேரடியாவே போட்டுர்றாங்க. போன வாரம் தெரியாத மூணு பேரோட ஆடினேன். நல்லாத்தான் இருந்துச்சு. யாரோட பேரும் கேக்க மறந்துட்டேன்.

சியாட்டில்மழை:
மணிக்கு இவ்வளவுன்னு கடியாரம் ஓடுறப்போ பேர் கேக்கத் தோணாதுப்பா. நான் உன்னைக் குத்தம் சொல்லல.

அப்புறம் மறந்தே போச்சு, 1989ல ரே ஓல்டன்பர்க்னு ஒரு சமூகவியல் அறிஞர் "மூணாவது இடம்"னு எழுதினாரு. வீடு முதல் இடம், வேலை ரெண்டாவது, ரெண்டும் இல்லாம ஆட்கள் கூடுற இடம் மூணாவது. அவர் அதை எழுதினதே அமெரிக்காவுல அந்த மாதிரி இடங்கள் செத்துக்கிட்டு இருக்குன்னு புலம்பித்தான். அதாவது உங்க பச்சை சோபா கடை திறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் அதுக்கு ஒப்பாரி வெச்சு முடிச்சிட்டாரு.

பழையசோபா:
நேற்று பரணில் இருந்த பழைய பெட்டியைத் திறந்தேன். ஆய்வுக் குறிப்பேடு ஒன்றின் உள்ளே, பக்க அடையாளத்துக்கு வைத்த காகிதம். எடுத்துப் பார்த்தால் தக்கைப் பலகையிலிருந்து கிழித்த சீட்டு. பால்பாயிண்ட் பேனாவில் "கிடார்" என்று எழுதி, கீழே ஏழு இலக்கம். ஏரியா கோடு கிடையாது, அப்போது உள்ளூருக்குள் ஏழு போதும். கிடார் கற்கவேண்டும் என்று கிழித்திருக்கிறேன் போல. கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

ஒருவரி:
இப்பக் கூப்பிடுங்க.

பழையசோபா:
அந்த ஊர் கோடு போட்டுக் கூப்பிட்டேன், சிரிக்காதீர்கள். ஒரு பெண் எடுத்தார். பல் மருத்துவமனையாம். கிடார் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு இடம் இருக்கிறது, பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்றார்.

டொராண்டோ கோப்பிக்காரி:
எழுதச் சொன்னியளோ?

பழையசோபா:
அறுநூறு மைல் தங்கச்சி. ஆனால் கடைவாய்ப்பல் ஒன்று கொஞ்ச நாளாகவே வலிக்கிறது.